சத்தம் குறைவு

கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
ஐந்து மாடி ஏறி வந்தால்
திரையில் இரண்டு ஃபோல்டர்கள் திறந்தபடியே இருக்கின்றன.
இடப்பக்கம் அவளுடையவை: நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு,
இடம் பத்தாத காலத்தில் நசுக்கிச் சுருக்கியவை.
வலப்பக்கம் என்னுடையவை:
அதே சிடிக்களிலிருந்து இந்தக் குளிர்காலம் முழுக்க
ஒரு துளி சிந்தாமல் எடுத்தவை.
ஒலி பளிங்கு. பெயர்தான் இல்லை.
டிராக் ஒன்று, டிராக் இரண்டு, டிராக் மூன்று,
பட்டாளத்தில் தலை எண்ணுவதுபோல.

காற்று பிறக்கும் ஊர் என்பார்கள் லியெபாயாவை.
பிறந்ததும் நேரே என் ஜன்னலுக்குத்தான் வரும்.

வேலை எளிது.
உடம்பை அங்கேயே விட்டுவிட்டுப்
பெயரை மட்டும் பெயர்த்து நடவேண்டும்.
பாடியவர், ஆல்பம், ஆண்டு, வகை, குறிப்பு.

சோல்விட்டா எந்தக் கட்டத்தையும் விதிப்படி நிரப்பியவள் இல்லை.
வகை:
பாத்திரம் கழுவ.
வகை:
பனி பெய்தால் மட்டும்.
வகை:
ஆவுஸ்ட்ரிஸின் அம்மா வந்திருக்கும்போது கூடாது.
ஆண்டு என்றால் பாட்டு வெளிவந்த ஆண்டு அல்ல,
அவள் காதில் முதலில் விழுந்த ஆண்டு.
அதனால்தான் நான் பிறக்குமுன்பே செத்துப்போன ஒரு பியானோக்காரர்
இரண்டாயிரத்து ஒன்பதில் புத்தம்புதிதாய் வாசிக்கிறார்.
எனக்குச் சம்பளம் பாதியான வருஷம் அது.
அடுத்த வருஷம் காளான் பறிக்க அயர்லாந்து போனாள்.
ஆறு மாதம் என்றாள்.
இப்போது அங்கே மேற்பார்வையாளர்.
ஃபின்டன் என்று ஒருவர் இருக்கிறார்.
நல்லவர்தானாம்.

மேலெழுதலாமா என்று கேட்கிறது நிரல்.
ஆம்.
ஆம்.
எல்லாவற்றுக்கும் ஆம்.

அந்த அக்கார்டியன் ஆல்பத்தில்தான் தடுக்கியது.
'குதிரைச் சந்தை' என்ற பெயரை அழுத்தினால்
ஒரு தாலாட்டு வருகிறது.
'பாதிரியாரின் தொப்பி'யைத் தொட்டால்
குதிரைகள் குதித்து ஓடுகின்றன.
எல்லோரும் அடுத்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு
விருந்திலிருந்து கிளம்பிவிட்டார்கள்.
கடைசிப் பாட்டு மட்டும் வெறும் உடம்போடு,
டிராமைத் தவறவிட்டவர்போல.

எண்ணிப் பார்த்தேன்.
அவள் பக்கம் பன்னிரண்டு. என் பக்கம் பதின்மூன்று.
ஆறாவது: ஒரு நிமிடம் நான்கு விநாடி.
அதில் ஒன்றுமில்லை.
வாசித்தவர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளி போல.
சும்மா இருப்பதற்கெல்லாம் இடம் கிடையாது என்று
அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பாள்.
செய்யக்கூடியவள்தான்.

அந்த ஒன்றுமில்லாததின் தலையில்
இப்போது இடம் மாறி வந்து உட்கார்ந்திருந்தது
அவள் எழுதிய குறிப்பு:
சத்தம் குறைவு. மறுபடி எடுக்கணும்.

சிரித்துவிட்டேன்.
ராத்திரியில் ஒற்றை ஆள் சிரித்தால்
கீழ்வீட்டு வால்ஃப்ரீட்ஸ் குழாயைத் தட்டுவார். தட்டினார்.

ஹெட்ஃபோனை மாட்டி முழுச் சத்தத்தில் வைத்தேன்.
முதலில் வெறும் இரைச்சல்.
பிறகு ஓர் அறை. மரத்தரை.
யாரோ எடையை மாற்றி நிற்கிறார்.
அறுபதாவது விநாடியில்
அக்கார்டியனின் துருத்தி விரிந்து
காற்றை உள்ளே இழுக்கிறது.
அதோடு முடிந்தது.

எல்லாப் பெயரையும் ஒரு படி கீழே இறக்கினேன்.
தாலாட்டு தாலாட்டானது. குதிரைகள் சந்தைக்குத் திரும்பின.
குறிப்பும் அதற்குரிய பாட்டோடு போய்ச் சேர்ந்தது.
ஆறாவதில் இன்னும் ஒரு நகல் ஒட்டியிருந்தது.
அழித்துவிடலாமா என்றது நிரல்.

இல்லை.

வகை: விடிகாலை நாலரை.
ஆண்டு என்ற கட்டத்தில்
இந்த ஆண்டைப் போட்டேன்.