பன்னிரண்டாவது கூண்டு

கடலூர் முதுநகர்த் துறைமுக அலுவலகத்தில்
புயல் கூண்டு ஏற்றுவது என் வேலை.
கருணை அடிப்படையில் வந்தது.
கருணை என்றால் ஒரு கோப்பு,
அதில் பதினேழு கையெழுத்து.

மொத்தம் பதினோரு எண்.
ஒன்று: எங்கோ தூரத்தில் காற்று சுழல்கிறது.
எட்டு: புயல் நமக்கு இடப்பக்கம் கரையேறும்.
ஒன்பது: வலப்பக்கம்.
பத்து: நம் தலைமேலேயே.
பதினொன்று என்றால்
சென்னையோடு பேச்சு அறுந்துவிட்டது,
இனி உன் கண்ணே உனக்கு.
தானே வந்த ராத்திரி
கயிறு என் உள்ளங்கையைத் தின்றது.
இன்னும் சோறு பிசையும்போது தெரியும்.

போன மார்கழியில் ஒரு கல்லைப் பற்றிப் பேசினார்கள்.
ஊர் பேர் இல்லாத கல்.
ஒரு வருஷமும் சில எழுத்தும்தான் அதற்கு,
லாரி நம்பர் மாதிரி.
இன்னும் ஏழு வருஷத்தில் வந்து இடிக்கலாம் என்றது கைபேசி.
தொண்ணூறில் ஒரு பங்கு வாய்ப்பு.
அடுத்த வாரம் அறுபதில் ஒன்று.
பொங்கல் முடிந்து
கரும்புச் சக்கை தெருவில் கிடந்தபோது
நாற்பத்தொன்றில் ஒன்று.
விழக்கூடிய இடமென்று படத்தில் ஒரு கோடு,
வங்காள விரிகுடாவையும் தொட்டுக்கொண்டு.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோட்டின் தடிமனுக்குள்
சிங்காரத்தோப்பு, பரங்கிப்பேட்டை, சிதம்பரம்
எல்லாம் அடங்கிப்போயிருந்தன.

அஞ்சாபுலி போன் செய்தான்.
"யக்கா, எந்தக் கூண்டு?"
"எதுக்கு?"
"அந்தக் கல்லுக்கு."
விசைப்படகுக்குப் பத்தொன்பது லட்சம் வாங்கியிருக்கிறான்.
கடைசித் தவணையும் கல்லும்
ஒரே வருஷம், ஒரே மாதம்.
"முன்னாடியே விழுந்தா பேங்க்காரன் பாடு.
ரெண்டு நாள் தள்ளி விழுந்தா
நான் கட்டுனதெல்லாம் தண்டமா?"
சிரித்தோம்.
சிரிப்பு முடிந்தும் அவன் போனை வைக்கவில்லை.
"விழுந்தா கடல்லயா, கரையிலயா?"
எங்கே விழுந்தால் என்னடா என்றிருக்கலாம்.
வாய் வரவில்லை.
கடல் எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்று
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.
இந்த வேலை அப்போது சபாநாயகத்தினுடையது.
வார விடுப்பு.
தேவனாம்பட்டினத்தில் மத்தி வாங்கி வருகிறேன் என்று
மஞ்சள் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார்.
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
எந்த அறிக்கையும் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று பதிவேட்டைப் புரட்டி
அந்தத் தேதியைத் தேடினேன்.
யாரோ முத்து முத்தாக எழுதியிருந்தார்:
கூண்டு — இல்லை.

ராத்திரிப் பணியில் ஒரு தாளை எடுத்து
பன்னிரண்டாவதை வரைந்து பார்த்தேன்.
கூம்பு சரிவரவில்லை, அது காற்றுக்கு.
பந்து போட்டேன், அடித்தேன்.
விளக்கு எந்த நிறம்?
இருப்பது சிவப்பும் வெள்ளையும்.
சரி, ஏற்றியாகிவிட்டது என்றே வை.
படகைக் கரையேற்று என்பேன்.
கரையை எங்கே ஏற்றச் சொல்வேன்?

ஏழு வருஷம் முன்கூட்டி!
கல்லுக்காக எங்கெங்கோ மலையுச்சியில்
தூங்காமல் கண்ணாடி வழியே பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும், நல்லது.
எனக்கு ஏழு நிமிஷம் போதும்.
மத்தி வேண்டாம்,
முருங்கைக்காய் கிடக்கிறது வீட்டில்,
என்றிருப்பேன்.

மாசி பிறந்ததும் கணக்கு மாறியது.
ஆறாயிரத்தில் ஒன்று.
பிறகு சைபர்.
கல் நம்மைத் தாண்டிப் போய்விடுமாம்.
செய்தியில் அதற்கு மூன்று வரி.
"அப்ப தவணை கட்டித்தான் ஆவணும்," என்றான் அஞ்சாபுலி,
ஏதோ நான்தான் கல்லைத் திருப்பிவிட்டது போல.

இன்று சனிக்கிழமை,
கப்பிக்கு எண்ணெய் போடும் நாள்.
போட்டுவிட்டு
கயிற்றை உச்சிவரை இழுத்துப் பார்த்தேன்,
ஒன்றும் கட்டாமல்.
உப்பனாற்றில் போன ஒரு படகு வேகம் குறைத்தது.
யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை, போங்கள் என்று கையை ஆட்டினேன்.
எப்படிப் புரிந்ததோ,
இன்ஜினை நிறுத்திவிட்டு
கம்பத்தையும் என்னையும் பார்த்தபடி
அங்கேயே நின்றார்கள்.