வெற்றுக்கட்டம்

மார்ச் மாதம். அர்வைஹேர் கால்நடைப் பதிவகம்.
ஸூட் என்னும் கொடும்பனி போய்விட்டது.
பிழைத்தவை எவை, யாருடையவை என்று
வாசல்வரை வரிசை.

யாஞ்ஜ்மா கையுறையைக் கழற்றவில்லை.
"என் குதிரை கிடைத்ததா?"

கணினியிடம் அப்படிக் கேட்க முடியாது.
வினவல் எழுத வேண்டும்:
எந்தப் பட்டியலில்,
எந்தப் பத்தியில்,
எது எதற்குச் சமமாக இருந்தால்.
கெஞ்சலும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம் அதற்கு.

சூட்டுக்குறி பிறை. வயது ஒன்பது. நிறம்?

"கொதிக்கும் தேநீரில் பாலை ஊற்றியதும்,
அகப்பை இன்னும் தொடாதபோது
ஒரு நிறம் இருக்குமே, அது."

என் திரையில் இருப்பவை ஏழு நிறங்கள்.

பழுப்பு என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை.
பழுப்பு அல்லாதவை என்றேன்.
எட்டு வந்தன. பிறை இங்கே பலர் குறி.
ஒவ்வொன்றாய்த் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
எட்டு முறை தலையசைத்தாள், இல்லை, இல்லை என்று.

"பழுப்பு. இல்லாவிட்டால் பழுப்பு இல்லை.
இதற்கு வெளியே எந்தக் குதிரை நிற்கும்?"
நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் உறைத்தது.
போன செவ்வாய், மலைக்கு அப்பாலிருந்து ஒருவர்
வழிதவறி வந்த குதிரையைப் பதியச் சொன்னார்.
நிறம் கேட்டேன்.
"அணையப் போகும் சாண நெருப்பு."
ஏழில் அது இல்லை.
மதிய உணவு நேரம் வேறு.
கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

நிரலர்கள் அதை நல் என்பார்கள்.
"நல் என்றால்?"
தெரியாது என்று பொருள், என்றேன்.

அது பூஜ்ஜியம் அல்ல. கறுப்பும் அல்ல.
பழுப்பா என்றால் ஆம் சொல்லாது,
பழுப்பில்லையா என்றாலும் ஆம் சொல்லாது.
பக்கத்தில் இன்னொரு வெற்றுக்கட்டத்தை நிறுத்தி
நீங்கள் இருவரும் ஒன்றா என்றால்
அதற்கும் வாய் திறக்காது.
அதை அழைக்க ஒரே வழி:
வெறுமையாக இருக்கிறாயா?

கேட்டேன்.

ஒரே ஒரு வரி.
பிறை. ஒன்பது வயது.
இடக்காது நுனி பனியில் கருகியிருக்கிறது.

ஆறு நாளாய் அங்கேதான் கிடந்தது.
கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

யாஞ்ஜ்மா இப்போது கையுறையைக் கழற்றினாள்.
திரையின் அந்த வரியைத் தொட்டாள்,
பிடரியைத் தொடுவதுபோல.

"நிறம் என்னவென்று போடட்டும்?"
கதவருகே போனவள் திரும்பினாள்.
"விட்டுவிடு. அப்படித்தானே கிடைத்தது."

அடுத்தவர் ஆடு தேடி வந்திருக்கிறார்.
முந்நூறு.
எல்லாம் வெள்ளை.