உறைக்கு அளவு

அளவுகோலைப் பைக்குள் வையுங்கள் என்றாள் இஸுமிதா.
என்னைவிட இருபத்தாறு வயது இளையவள்.
வியாழன் மாலைகளில், மாத்சுவே நகர மன்றத்து மாடியில்
எங்கள் ஏழு பேருக்கும் சித்ஸு கட்டச் சொல்லித் தருகிறாள்.
புத்தகத்துக்கு உடுப்பு:
ஐந்து அட்டை, ஒரே துணி,
சுற்றி மூடினால் தலையும் காலும் மட்டும் திறந்திருக்கும்.

நான் பல் கட்டுகிறவள்.
முப்பது வருடமாக, முகம் பார்த்திராத வாய்களுக்கு.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும்
கடிக்கையில் கல்லாய் உறுத்தும்.
என்னிடமா அளவுகோலை உள்ளே வைக்கச் சொல்வது?

காகித நாடா ஒன்றை நீட்டினாள்.
எண்ணைக் கேட்காதீர்கள், புத்தகத்தைக் கேளுங்கள்.
சுற்றுங்கள், நகத்தால் மடியுங்கள்,
அந்த மடிப்பையே அட்டைக்குக் கொண்டுபோங்கள்.
துணிக்கும் கனம் உண்டு,
காய்ந்த பசைக்கும்கூட.

நான் கொண்டுபோனவை நான்கு தொகுதிகள்,
நூலால் தைத்த ஷோகி ஆட்டக் குறிப்புகள்.
மொரிஹிகோ எழுதியவை.
மறந்து போனாரா, விட்டுப் போனாரா,
பதினோரு வருடமாக நான் கேட்கவில்லை.
ஹமாதாவில் இருக்கிறாராம். அனுப்பிவிடலாம்.
வெறும் பெட்டியில் போனால் கோபம் என்று நினைப்பார்;
பட்டில் போனால் வேறு எதையோ.
பருத்தி எடுத்தேன், மழைநாள் ஏரியின் நிறத்தில்.

பக்கத்து மேசையில் மீன் லாரி ஓட்டும் குசாகபே
துணியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு
கொக்குகள் மல்லாந்து பறக்கின்றன பாருங்கள் என்றார்.

ஐந்தாம் வாரம் கொஹாஸே.
எலும்பில் சீவிய சிறு நாக்கு.
வாருக்குள் நுழைத்தேன், சத்தமே இல்லை.
நன்றாகப் பொருந்திய கடிக்குத்தான்
அப்படி ஒரு மௌனம் உண்டு.

கடைசி நாள், தலைப்புச் சீட்டு ஒட்டுமுன் திறந்தேன்.
இரண்டாம் தொகுதிக்கும் மூன்றாவதற்கும் நடுவே
ஒரு கடிதம்.
பிரிவுக்கு மறுவருடம் வந்தது.
கண்ணில் படக்கூடாதென்று நானே செருகி வைத்தது.
வெளியே எடுத்து மூடினேன்.
எலும்பு நாக்குகள் ஆடின, விழப்போகும் பல்லாய்.

இஸுமிதா உறையை ஒருமுறை குலுக்கினாள்.
எதையாவது எடுத்தீர்களா?
எடுத்தேன்.
வாரை இழுத்து மறுபடி ஒட்டலாம்,
இல்லை, எடுத்ததைத் திரும்ப வைக்கலாம்.
அதற்குமேல் கேட்கவில்லை.

பஸ்ஸில் பிரித்தேன்.
நான்காம் தொகுதி, எழுபதாவது ஆட்டம்,
முப்பத்தெட்டாம் நகர்வில் தங்கம் என்று எழுதிவிட்டேன்,
அது வெள்ளி, திருத்திவிடு.
அவ்வளவுதான்.
இரண்டாம் தாள் வெறுமை.
ஒற்றைத் தாளாய் அனுப்பலாகாதென்று
சேர்த்துவைக்கும் பழைய மரியாதை.

வீட்டில், ஈரக்குடையைக்கூட விரிக்காமல்,
தங்கத்தை அடித்து வெள்ளி என்று எழுதினேன்.
பிறகு ஒரு தாளில்: திருத்திவிட்டேன்.
அதன் பின்னால் ஒரு வெறுந்தாள்.
மூன்றாக மடித்து
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வைத்து மூடினேன்.

எலும்பு உள்ளே போனது.
குலுக்கிப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.