துடைத்தபோது திறந்தது

இருநூற்று எண்பது பிக்சல் அகலம்.
பெரிய திரையின் இடப்பக்கம் முழுக்க
அடர்நீலம் பூசியிருந்தேன்.
ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினோரு வரிகள்.
தலைவர் செய்திதான் முதல் வரி.
அப்படித்தான் வேண்டுமென்றார் தலைவர்.

தல்காவேயில் மூன்றாம் நாளாக மழை.
படகுச் சங்க மாடியில்
நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து
ஓனோஃப்ரே பர்ரியா பார்த்தார்.
"துறை மாதிரியே நிற்கிறதே!"
நிற்கத்தான் செய்தது.
உருட்ட உருட்டப் பக்கம் அலையாய் மேலேற
கட்டுத்தறியாய் அது மட்டும் அசையவில்லை.

கைபேசியில்தான் வந்தது வினை.
முந்நூற்று அறுபதுக்குள்
இருநூற்று எண்பதை எங்கே வைப்பது?
ஊரார் செய்வதை நானும் செய்தேன்.
பதினொன்றையும் பாயாகச் சுருட்டி
மேல்மூலையில் மூன்று கோடுகளுக்குள் செருகினேன்.
தொட்டால் விரியும்.
வழுக்கி வரும், முந்நூறு மில்லிநொடியில்.
அந்த வழுக்கலுக்கே ஒரு பிற்பகல் போனது.
கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வியாழக்கிழமை சோதனைக்கு வந்தவள்
எல்சீரா ரெமோல்கோய்.
சிப்பி ஆலையில் இரவுமுறை முடித்து
நேரே வந்திருந்தாள்.
மூக்குக்கண்ணாடியில் உப்புத் தடம்,
இடது மணிக்கட்டில் துணிக்கட்டு.
"மருத்துவப் படகு நாளை உங்கள் தீவுக்கு வருமா?
இதில் பார்த்துச் சொல்லுங்கள்."
உதவக் கூடாது என்பது விதி.
இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
உட்கார்ந்துகொண்டேன்.

உருட்டினாள்.
ஒரு படகின் படம்.
இன்னொரு படகின் படம்.
தலைவர் சிரித்தார்.
மேலே போனாள், கீழே வந்தாள்,
திரையை முகத்தருகே கொண்டுபோனாள்.
பிறகு
ஈரச் சட்டைக்கையை விரல்வரை இழுத்து
மூலையிலிருந்த மூன்று கோடுகளை
அழுக்கென்று துடைத்தாள்.

பட்டியல் வழுக்கி வந்தது.
கோடுகள் இருந்த இடத்தில் பெருக்கல் குறி.
பதறிப்போய் அதையும் துடைத்தாள்.
எல்லாம் மறைந்தது.
"உடைத்துவிட்டேனா?"

"இல்லை" என்றேன்.
உடைந்தது விதி மட்டும்தான்.

எப்போதும் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன்.
துறையிலிருக்கும் பல்தோவினாவுக்குப் போன் செய்வேன்,
அவள் எடுப்பாள் என்றாள்.

இந்தத் தீவில் வீடு மாற்றுவதென்றால்
வீட்டையே மாற்றுவார்கள்.
உருளைக்கட்டை மேல் ஏற்றி, காளை பூட்டி,
ஊர்கூடி இழுத்துக் கடலில் மிதக்கவிட்டு
அக்கரையில் ஏற்றுவார்கள்.
பாரம் குறைய முதலில் சன்னல்களைக் கழற்றுவார்கள்.
நான் எதையும் கழற்றவில்லை.
வீட்டை அப்படியே பெட்டியில் பூட்டி
சாவித்துளையை மூலையில் வரைந்திருந்தேன்,
கட்டைவிரலுக்கு எட்டாத உயரத்தில்.

இரவு இரண்டு மணிக்கு
கோடுகளை அழித்தேன்.
திரையின் அடியில், விரல் தானாக விழும் இடத்தில்
நான்கு சொற்கள்:
இன்று. நாளை. மருத்துவம். மேலும்.
படம் இல்லை, குறி இல்லை.
ஒரு கையில் கயிறு பிடித்தபடி
மறுகையால் தொடலாம்.

பிறகு பெரிய திரைக்குத் திரும்பினேன்.
அங்கேயும் ஏழாவது வரியில்தான்
கிடந்தது மருத்துவப் படகு.
இடம் தாராளமாக இருந்ததால்
என் பிழை அங்கே அழகாகத் தெரிந்திருக்கிறது.
அதை மேலே ஏற்றினேன்.

"தலைவர் செய்தி எங்கே?" என்றார் பர்ரியா.
"மேலும் என்பதற்குள்."
"அதில் எத்தனையாவது?"
மழையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

அடுத்த வியாழன் மறுபடி எல்சீரா.
அதே கேள்வி, அதே துணிக்கட்டு,
சற்றே அழுக்கேறியிருந்தது.
நான்கு நொடி.
வலது கட்டைவிரலால் ஒரே ஒரு தொடல்.
திரையில் பெரிய எழுத்தில் வந்தது:
நாளை படகு இல்லை.

மணிக்கட்டைத் தடவிக்கொண்டே
இரண்டு முறை படித்தாள்.
"நன்றாகத் தெரிகிறது" என்றாள்.