தோன்றா எழுவாய்

பகதூர் ஷா ஜாஃபர் சாலை, மூன்றாம் மாடி.
ஜனவரி. இரவுப் பணி.
ஹீட்டர் பக்கம் ஆங்கிலமும் இந்தியும்.
தமிழுக்கு ஜன்னலோரம்.
டெல்லியின் புகைமூட்டம் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
நான் மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறது.

மருத்துவமனை தாக்கப்பட்டது, நாற்பத்து மூன்று பேர் பலி
என்று வந்தது.
செயப்பாட்டுவினை தமிழில் விறைத்து நிற்கும் என்பதால்
செய்வினையாக்கினேன்:
மருத்துவமனையைத் தாக்கினார்கள்.
யார் என்ற இடம் உடனே காலியாகத் தெரிந்தது.
தோன்றா எழுவாய் என்று எழுதினால்
ஆறாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்.
இங்கே டெஸ்க் தலைவர் கூப்பிட்டார்.
"தாக்குதலுக்கு உள்ளானது" என்று மாற்றச் சொன்னார்.
உள்ளானது.
கட்டடமே போய் நுழைந்துகொண்ட மாதிரி.

ஞாயிறன்று ஜனக்புரியில் அக்கா வீட்டில்
அத்திம்பேர் சடகோபன் சொன்னார்:
"உங்க ஏஜென்சி அவங்க காசுல ஓடறது."
அவருடைய பெண்ணைக் கட்டப்போகும் பரிதி சொன்னான்:
"இல்ல, இவங்க காசுல."
இரண்டு முதலாளிகள் இருந்தும்
எங்களுக்குச் சம்பளம் ஒன்பதாம் தேதி.
அந்த ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள்.
உச்சரிப்பிலேயே கட்சி தெரிந்தது.
கரிந்த தாழ்வாரத்தின் படம் ஒன்று
ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கைமாறியது.
பழசு, என்றார் இவர்.
அதே ஆஸ்பத்திரிதான், என்றான் அவன்.

நான் தேடிப் பார்த்தேன். இரண்டும் சரி.
அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம்,
எடுத்தது போன போரில்.
ஜெயித்த முகத்தோடு இருவரும் கை கழுவ எழுந்தார்கள்.
ஒரே கட்டடம் இரண்டு முறை எரிந்ததைப் பற்றி
அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள்,
குக்கர் விசிலடித்தது.

நேற்று இரவு இரண்டு பத்துக்குத் திருத்தம் வந்தது:
நாற்பத்து மூன்று அல்ல, பதினேழு.
இருபத்தாறு பேரை ஒரு விரலால் உயிர்ப்பித்தேன்.
பொய்யர்கள் என்று ஒரு சேனல் கத்தியது.
பயந்துவிட்டார்கள் என்றது இன்னொன்று.
மூன்றே முக்காலுக்குத் திருத்தத்துக்குத் திருத்தம்:
முப்பத்தொன்று.
பதினான்கு பேரை மறுபடி படுக்கவைத்தேன்.

நாலு மணி டீயோடு லல்லன் வந்தான்.
சிவான் மாவட்டத்துக்காரன்.
அவன் தம்பி அந்த ஊரில் சாரம் கட்டுகிறான்,
பன்னிரண்டு மாடிக் கட்டடம், பாதியில் நிற்கிறது.
ஒன்றே ஒன்றுதான் கேட்டான்:
"மேடம், அங்கே டவர் வேலை செய்கிறதா?"

ஏஜென்சி அனுப்பிய அத்தனையையும் புரட்டினேன்.
தளபதியின் அறிக்கை பதினோரு பத்தி.
எண்ணெய் விலை. பங்குச் சந்தை.
வெளியுறவுச் செயலரின் ஆழ்ந்த கவலை.
டவர் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டு பேர் உறுதிசெய்யாத எதையும்
இந்த மாடியிலிருந்து அனுப்புவதில்லை.
"செய்கிறது" என்றேன்.

அவன் அப்படியே நம்பினான்.
யார் சொன்னது, யார் காசு, எதுவும் கேட்கவில்லை.
"அப்படியென்றால் பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றான்,
காலி டம்ளர்களை விரல்களில் கோத்தபடி.
"மூணு நாளா சார்ஜ் போடலை போல. சோம்பேறி."

ஏழு மணிக்குப் பணி முடிந்தது.
லிஃப்ட் பழுது.
படியில் இறங்கும்போது அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்:
டவர் இருக்கிறது என்று சொன்னேன்.
இதிலும் எழுவாய் தோன்றவில்லை.
ஆனால் அந்த 'ஏன்' விகுதி
ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பின்வாசல் வழியாக வெளியே வந்து மெட்ரோவைப் பிடித்தாயிற்று.
கேன்டீன் பக்கம் போகவில்லை.
போகவில்லை:
இந்த வினைக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது.