தகவல் இல்லை

சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய ஏசி அறை.
மூன்றாம் பத்தி: தேனீக்கள்.

கூட்டின் இருட்டுக்குள் ஆடும் தேனீ
வெளியே நகரும் சூரியனைக் கணக்கில் வைத்தே
பூ இருக்கும் திசை சொல்லுமாம்.
வாலாட்டும் நேரம் நீண்டால் தூரம் கூடுதல்.
சரி.

முப்பத்தொன்றாம் கேள்வி:
போனது திரும்பாவிட்டால் கூடு தேடுமா?
மூன்று தரம் படித்தேன்.

விடியற்காலை பஸ் ஏற்றிவிட்ட அம்மா
'டப்ளின் எந்தப் பக்கம்டி' என்றாள்.
கை காட்டத் தெரியவில்லை எனக்கு.

'தகவல் இல்லை'
வட்டத்தை நிரப்பினேன்.

வெளியே காளவாசல் வெயில்.
உசிலம்பட்டி பஸ் எங்கே நிற்கும்?
இரண்டு கையிலும் டீத்தூக்கோடு போனவன்
நிற்காமலே
இடுப்பை மேற்கே இரண்டு தரம் வெட்டினான்.

இரண்டு கடை தள்ளி
உறுமிக்கொண்டு நின்றது.