உயிர்ச் சான்றிதழ்

ஒவ்வொரு கார்த்திகையிலும் லண்டனிலிருந்து
ஒரு நீல உறை வரும்.
மேற்படியார் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?
ஆம் / இல்லை. பொருந்தாததை வெட்டிவிடுக.
கீழே என் ஒப்பம்:
சமாதான நீதவான், பண்டத்தரிப்பு.

சமாதானம் ஒருநாளும் என் படலையைத் திறந்ததில்லை.
முத்திரை மட்டும் இருந்தது, ரப்பரில்.

சூசைப்பிள்ளை பிரகாசியார்
அன்றைக்குச் சவரம் செய்துகொண்டு வருவார்.
கதிரையில் இருக்கமாட்டார்.
"நல்லாப் பாருங்கோ மாஸ்டர்,
பிறகு கையெழுத்து வையுங்கோ."
எழுபதை நெருங்கியும் வயிற்றை உள்ளிழுத்து
நிமிர்ந்து நிற்பார்.
நான் பார்ப்பேன். மூச்சு ஓடும்.
"இல்லை"யை வெட்டுவேன்.

நாற்பத்தொன்றில் கப்பலேறியவர்.
ஒழுங்கை அவரைப் பட்டாளத்தார் என்றது
பாதி மரியாதையில், பாதி நக்கலில்.
துவக்குக் கதை கேட்ட பெடியளுக்கு ஏமாற்றம்:
"சுட்டது நானில்லை. நான் வெட்டினது.
லிபியா மணலிலை கிடங்கு வெட்டினது.
காலமை பதுங்கிற ஆக்களுக்கு,
பின்னேரம் செத்த ஆக்களுக்கு.
அளவு வேறை, மண்வெட்டி ஒண்டு."

கூடப் போன அராலிக் கனகசபை,
மாதகல் பேதுருப்பிள்ளை
அந்த மணலிலேயே நின்றுவிட்டார்கள்.
அவர்களின் பேரைச் சொல்லும்போது மட்டும்
பீடியை உள்ளங்கைக்குள் மறைப்பார்,
மேலதிகாரி வந்துவிட்டதுபோல.

தொண்ணூறில் வானத்திலிருந்து
பீப்பாய்கள் விழத் தொடங்கின.
நாங்கள் படித்தவர்கள்.
வாழைக்கு வாய்க்கால் இழுப்பதுபோல
நேராய் ஒரு பங்கர் வெட்டினோம்.
பிரகாசியார் வேலியால் எட்டிப் பார்த்தார்.
சாரத்தை மடித்துக் கட்டினார்.
"நேரா வெட்டினால் சிதறலும் நேரா வரும், மாஸ்டர்.
டானா மாதிரி வெட்டவேணும்."

முப்பத்திரண்டு வருஷம்
அந்த எழுத்தைக் கரும்பலகையில் எழுதியவன் நான்.
அதற்குள் போய்க் குந்தலாம் என்று தெரியாது.

ஒரு மத்தியானம்
வந்ததெல்லாம் மூலையில் முட்டி நின்றது.
இந்தப் பக்கம் பதினேழு பேர், ஓர் ஆடு.
ஆடு மட்டும் கத்தியது.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராய்ப் போய்
அடுத்த சித்திரையில் திரும்பி வந்தோம்.
சென்ரியில் அவருடைய பால்மாப் பேணியைத் திறந்தான்
மீசை அரும்பாத ஒருவன்.
மூன்று பதக்கம், ராசாவின் தலையோடு.
"சல்லி?" என்றான்.
"ஆமி" என்றார் இவர்,
தன் நெஞ்சைத் தொட்டு.
வரிசை முழுக்க மூச்சுவிட மறந்தது.
மழை தூறியது.
அவன் மூடியைத் தானே அழுத்தி மூடி நீட்டினான்.
அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

அதே பாதையால் ஆவணியில்
அவர் மகன் றெஜினோல்ட்
பாண் வாங்கச் சைக்கிளில் போனான்.

தகப்பனைப் பற்றி வருஷம் தவறாமல் கேட்ட உலகம்
மகனைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை.
ஆம் என்பதையோ இல்லை என்பதையோ வெட்ட
ஒரு தாளும் வரவில்லை.

பிறகும் வந்தார் பிரகாசியார்,
சவரம் செய்துகொண்டு.
நிமிர்ந்து நின்றார்.
"நல்லாப் பாருங்கோ" என்று சொல்வதை நிறுத்தியிருந்தார்.
நான் நல்லாப் பார்த்தேன்.
கையெழுத்து வைக்க நேரமெடுத்தது.

இந்த முறை உறை பிந்தி வந்தது.
முப்பத்தொன்று முடிந்து நாலு நாள்.
"ஆம்" என்பதை வெட்டினேன்.
மை ஊறித் தாளின் பின்பக்கம் தெரிந்தது.

அடியில், வேறு குறிப்புகள் என்று
இரண்டு விரலளவு இடம்.
இத்தனை வருஷம் வெறுமனே விட்ட இடம்.
அதில் எழுதினேன்:

மேற்படியார் வெட்டிய மூலைக்குள்ளிருந்து
எழும்பி வந்தோர் பதினேழு.
ஐவர் கனடாவில்.
இருவர் பிறகு, வேறு விதமாய்.
மிச்சப்பேர் உயிரோடு இருப்பதை
நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.

ஆட்டைப் பற்றி எழுதவில்லை.
இடம் போதவில்லை.